டைகர்பெல்: சொல் விளக்கம்

டைகர்பெல் (பெயர்ச்சொல், பன்மை: டைகர்பெல்ஸ்): அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் தடகள அணி வீராங்கனை.

வில்மா ரூடால்பை நமக்குத் தெரியும். 22 பிள்ளைகளில் 20-ஆவதாகப் பிறந்து, போலியோவால் காலில் கவசம் மாட்டி நடந்து, 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றவர். தன்னம்பிக்கைக் கட்டுரைகளில் அவர் பெயர் வராத ஆண்டு கிடையாது. ஆனால் அந்தக் கட்டுரைகளைப் படித்தால், கவசத்தைக் கழற்றியதும் அவர் நேராக ரோமுக்கு ஓடிப்போய்விட்டார் என்றுதான் தோன்றும். நடுவில் ஓர் அணி இருந்தது. அந்த அணிக்குத்தான் இந்தப் பெயர். ரோமில் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், ரூடால்ப் ஆகிய நால்வருமே ஒரே கல்லூரியின் மாணவிகள். ஒரு நாட்டு அணியின் நான்கு இடங்களையும் ஒரு கல்லூரியே நிரப்பியிருக்கிறது!

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘டைகர்’ எளிது. அந்தப் பல்கலைக்கழக அணிகளின் சின்னம் புலி. ஆண்கள் அணி ‘டைகர்ஸ்’. இரண்டாம் பாதியில்தான் சிக்கல். தமிழ் எழுத்தில் ‘பெல்’ என்று எழுதியதும் மணி நினைவுக்கு வரும். இது அந்த பெல் இல்லை. ‘அழகிய’ என்று பொருள்படும் இலத்தீன் ‘பெல்லுஸ்’ என்பதன் பெண்பால் ‘பெல்லா’. அது பிரெஞ்சில் ‘பெல்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. விருந்துக்கு வந்திருக்கும் பெண்களில் எல்லார் கண்ணும் யார்மேல் இருக்கிறதோ அவள்தான் பெல்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இந்தச் சொல்லுக்குத் தனி வாழ்வு உண்டு. ‘சதர்ன் பெல்’ என்றால் பருத்தித் தோட்ட முதலாளி வீட்டு வெள்ளைக்காரப் பெண்: அகன்ற பாவாடை, கையுறை, வெயில் படாத தோல். அவள் சொகுசுக்குப் பின்னால் இருந்தது அடிமைகளின் உழைப்பு. அடிமைமுறை ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் கறுப்பினப் பெண்ணைப் பொதுவாக அந்தச் சொல்லால் அழைத்ததில்லை.

1950-களின் தொடக்கத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் செய்திப் பிரிவில் இருந்த ஏர்ல் கிளாண்டன் இரண்டையும் ஒட்டி ‘டைகர்பெல்ஸ்’ என்று வைத்தார். தோட்ட முதலாளி வீட்டுக்கு மட்டும் உரிய பட்டமாக இருந்ததைத் தூக்கி, கரித்துகள் தடத்தில் வியர்த்து ஓடும் கறுப்பின மாணவிகளுக்குச் சூட்டிவிட்டார். அவர் அவ்வளவு யோசித்துச் செய்தாரோ, நாளிதழ்த் தலைப்புக்கு வாகான சொல் என்று செய்தாரோ, விளைவு ஒன்றுதான்.

இந்தப் பெயரின் ‘அழகு’ப் பாதி வெறும் அலங்காரமும் அல்ல. ஓட்டப்பந்தயம் பெண்மையைக் கெடுக்கும், தசை முறுக்கேறிப் பெண் ஆண்போல ஆகிவிடுவாள் என்ற பேச்சு அன்றைய அமெரிக்காவில் பலமாக இருந்தது. பெரிய வெள்ளையர் கல்லூரிகள் பலவும் பெண்களுக்குத் தடகளமே வைக்கவில்லை. அலபாமா மாநிலத்து டஸ்கீகி போன்ற கறுப்பினக் கல்லூரிகள்தான் அந்த வெற்றிடத்தை நிரப்பின. 1929-இலேயே டஸ்கீகி தன் தடகளத் திருவிழாவில் பெண்களுக்கும் போட்டி வைத்தது. டென்னசியின் பயிற்சியாளர் எட் டெம்பிள் இந்தப் பேச்சுக்குத் தன் வழியில் பதில் வைத்திருந்தார். பந்தயம் முடிந்து நிருபர்கள்முன் வருவதற்குள் தலை சீவி, உதட்டுச்சாயம் சரிசெய்துகொள்ள வேண்டும். ‘எனக்கு எருதுகள் வேண்டாம், நரிகள்தான் வேண்டும்’ என்பது அவருடைய புகழ்பெற்ற வாக்கு. அன்றைய அமெரிக்கப் பேச்சில் நரி என்றால் அழகி. நம் ஊர் நரியின் தந்திரத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. இன்றைக்குப் படித்தால் இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஓடுகிறவள் ஏன் அழகாகவும் இருந்து காட்ட வேண்டும்? ஆனால் அந்தப் பெண்களைக் கேலி செய்யக் காத்திருந்த கூட்டத்தை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

டெம்பிள் 1950-இல் பொறுப்பேற்றபோது மாதம் 150 டாலர் சம்பளம். அதற்கு வளாகத்து அஞ்சலகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாணவிகளுக்கும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. நாளுக்கு இரண்டு மணி நேரம் வளாகத்தில் வேலை செய்துதான் படிப்புச் செலவைக் கழித்தார்கள். வெளியூர்ப் போட்டிக்குக் காரில் போனால், வழியில் உணவகமும் கழிப்பறையும் கறுப்பினத்தவருக்குத் திறக்காது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனார்கள், மற்றதற்கு வயலோரம். இறங்கிப் போட்டியில் ஓடி, கோப்பையோடு அதே சாலையில் திரும்பி வந்தார்கள். டெம்பிளின் 44 ஆண்டுக் காலத்தில் 40 ஒலிம்பிக் வீராங்கனைகள் அங்கிருந்து வந்தார்கள். 13 தங்கம் உட்பட 23 பதக்கங்கள். அந்த 40 பேரில் 39 பேர் பட்டம் பெற்றார்கள் என்பதைத்தான் அவர் கூடுதல் பெருமையோடு சொல்லுவார்.

இதில் வயோமியா டையஸ் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 1964 டோக்கியோவிலும் 1968 மெக்சிகோவிலும் 100 மீட்டர் தங்கம். அந்தப் பட்டத்தை அடுத்தடுத்த ஒலிம்பிக்கில் தக்கவைத்த முதல் மனிதர் அவர்தான். ஆணோ பெண்ணோ, அதற்குமுன் யாரும் செய்ததில்லை. 1988-இல் அமெரிக்க ஓட்டவீரர் கார்ல் லூயிஸ் செய்தபோதுதான் உலகம் அதைப் பெரிய செய்தியாக்கியது. மெக்சிகோவில் வெள்ளைக் கால்சட்டைக்குப் பதில் கருநிறக் கால்சட்டை அணிந்து ஓடியதும் இன அநீதிக்கு அவர் காட்டிய எதிர்ப்புதான். அதே ஒலிம்பிக்கில் பதக்க மேடையில் எதிர்ப்பாகக் கைமுட்டி உயர்த்திய அமெரிக்க ஓட்டவீரர்கள் ஸ்மித், கார்லோஸ் இருவரைப்போல அது படமாகப் பரவவில்லை. 2018-இல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதைக்கு அவர் வைத்த முதன்மைத் தலைப்பு ‘டைகர்பெல்’ என்ற ஒற்றைச் சொல். ரோமில் ரூடால்புக்கு இத்தாலியப் பத்திரிகைகள் ‘கறுப்பு மான்’ என்று பெயர் வைத்தன. மான் என்பது வெளியார் சூட்டியது, புலி என்பது வீட்டுப் பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘புலிமணி’ என்பது எழுத்தொற்றுமை செய்த பிழை. ‘புலி அழகி’ என்றால் இன்றைய காதுக்கு அழகிப் போட்டி மேடை தெரிகிறது. ‘பெண்புலி’ வீரத்தைச் சொல்கிறது. ஆனால் பெல் என்ற பாதியை அப்படியே விழுங்கிவிடுகிறது. ‘புலி மடந்தை’யும் பொருந்தாது, மடந்தையில் ‘மடம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘நங்கை’ வேறு வகைச் சொல். நம்பி என்பதன் பெண்பால் அது. சிறந்தவள், மதிப்புக்குரியவள் என்ற பொருளோடு அழகும் உள்ளே இருக்கிறது. புலிக்கு வேங்கையை எடுத்துக்கொண்டால் ஓசை ஒற்றுமையும் அமைந்துவிடுகிறது: வேங்கை நங்கை, பன்மையில் வேங்கை நங்கையர். வேங்கை மரமும் நினைவுக்கு வரலாம் என்று யாராவது சொல்வார்கள். விளையாட்டுப் பக்கத்தில் அந்தக் குழப்பம் வராது. ‘சதர்ன் பெல்’லின் வரலாற்றுக் குத்தல் மட்டும் தமிழுக்கு வராது. அதற்கு ஒரு வரி விளக்கம் எழுதித்தான் ஆக வேண்டும்.

அணியின் பெயராக வரும்போது ‘டைகர்பெல்ஸ்’ என்றே எழுதுவது முறை. ‘டைகர்பெல்ஸ்கள்’ என்று இரட்டைப் பன்மை வேண்டாம். கட்டுரையில் முதல்முறை ‘டைகர்பெல்ஸ் எனப்படும் வேங்கை நங்கையர்’ என்று எழுதிவிட்டால், அப்புறம் தமிழ்ப் பெயரையே தொடரலாம். கூடவே வரும் இன்னொரு தொடரையும் கவனிக்க வேண்டும். டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் ‘ஹிஸ்டாரிக்கலி பிளாக்’ என்ற ஆங்கிலத் தொடரை ‘வரலாற்று ரீதியாகக் கறுப்பான பல்கலைக்கழகம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். கட்டடத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியதுபோல் இருக்கிறது. 1964-க்கு முன் கறுப்பினத்தவரின் கல்விக்காக நிறுவப்பட்டவை என்பதுதான் அமெரிக்கச் சட்டம் தரும் வரையறை. ஆகவே ‘கறுப்பினத்தவருக்கென நிறுவப்பட்ட பல்கலைக்கழகம்’ போதும்.