ஹாப்ஸ் சக்கையும் வீட்டு நாயும்

பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற ஒரு கொடியின் பூதான் ஹாப்ஸ். அதைத் தின்றுவிட்டு என்னிடம் வந்த நாய்கள் இதுவரை ஆறு. பதினான்கு வருடத்தில் ஆறு என்பது பெரிய எண்ணிக்கை இல்லைதான், ஆனால் அந்த ஆறில் இரண்டை நான் இழந்திருக்கிறேன், இரண்டுமே வீட்டுக்காரர் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் வந்திருக்கவே வேண்டாத கேஸ்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவராக வேலை செய்வது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்டுக்குப் பக்கத்தில். ஹாப்ஸ் விளைகிற மண் இது. இன்று உலகமே பயன்படுத்தும் கேஸ்கேட் என்ற ரகம் 1972இல் இங்கேதான், கார்வாலிஸில் நடந்த அரசு ஆராய்ச்சியிலிருந்து வெளிவந்தது. வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு அமெரிக்க மத்திய அரசின் சட்டம் 1979இலிருந்து இடம் தருகிறது. இங்கே பல வீடுகளில் கராஜில் ஒரு பெரிய பாத்திரமும் பர்னரும் இருக்கும். வேலிமேல் ஹாப்ஸ் கொடி ஏறியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

முன்பு இல்லாத அளவுக்கு இப்போது கவலைப்படக் காரணம், காய்ச்சும் முறை மாறியதுதான். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, ஊறவைத்து வடித்த இனிப்பு நீரை, அதாவது வோர்ட்டை, ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். தொடக்கத்தில் போடும் ஹாப்ஸ் கசப்பைக் கொடுக்கும், ஆனால் அதன் வாசனை எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். வாசனை வேண்டும் என்றால் கடைசிப் பத்து நிமிடத்தில், அடுப்பை அணைத்த பிறகு, அப்புறம் ஈஸ்ட் வேலை செய்து முடிக்கிற சமயத்தில் இன்னொரு தடவை என்று தாமதமாகப் போட வேண்டும். தாமதமாகப் போடுவதில் கசப்பு குறைவாகத்தான் இறங்கும் என்பதால் தாராளமாக அள்ளிப் போடுகிறார்கள். ஐந்து கேலனுக்கு, அதாவது சுமார் 19 லிட்டருக்கு, பழைய பாணி பேல் ஏல் என்கிற பீருக்கு ஐம்பது அறுபது கிராம் போதும். ஹாப்ஸ் தூக்கலான இன்றைய ஐபிஏ வகை பீருக்கு 250 கிராம்கூடச் சாதாரணம். அத்தனையும் வோர்ட்டை உறிஞ்சி உப்பி, கடைசியில் கிலோ கணக்கில் பச்சைச் சக்கையாக அடியில் நிற்கும். நாய்க்கு அது இனிப்பான, மால்ட் மணக்கிற கூழ். கசக்கும், தொடாது என்று நினைக்காதீர்கள். லேப்ரடார் வளர்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

முதல் நாய் ஒரு கிரேஹவுண்ட், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்று ஒரு வயதானவர் வீட்டில் வளர்ந்தது. சனிக்கிழமை மத்தியானம் காய்ச்சி முடித்த அவர், சக்கையைக் கொல்லையில் இருந்த கம்போஸ்ட் குவியலில் கொட்டியிருக்கிறார். செடிகொடிதானே, மண்ணுக்கு நல்லது என்ற எண்ணம். இரண்டு மணி நேரத்தில் நாய் நிலைகொள்ளாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. வெயில் என்று நினைத்துத் தண்ணீர் வைத்திருக்கிறார். என்னிடம் தூக்கிக்கொண்டு வரும்போது சூடு 107 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 101 முதல் 102.5 வரைதான் இயல்பு. நாக்கு செங்கல் நிறத்தில் இருந்தது, பல் இடுக்கில் பச்சைத் துணுக்குகள். மேசைமேல் வாந்தி எடுத்தபோது அறை முழுக்கப் பம்பளிமாஸ் வாசனை. அவர் ஆசையாகத் தேர்ந்தெடுத்த ஹாப்ஸின் வாசனை அது. குளிரவைத்தோம், நரம்பில் திரவம் ஏற்றினோம், சூடு இறங்கவே இல்லை. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இறந்த சில நிமிடங்களிலேயே கால்கள் விறைத்துக்கொண்டன.

இது வெளியிலிருந்து வருகிற வெப்பம் இல்லை. தசைகள் கட்டுப்பாடில்லாமல் எரிபொருளை எரித்து, உடம்பே உலையாகிறது. மயக்கமருந்து கொடுக்கும்போது சில மனிதர்களுக்கு வருகிற கடும் உடல்வெப்ப உயர்வைப் போன்ற நிலை. 1997இலேயே அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் இப்படி ஐந்து நாய்களைப் பற்றிக் கட்டுரை வந்திருக்கிறது. ஹாப்ஸில் எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்று இன்றுவரை உறுதியாகவில்லை, இவ்வளவு தின்றால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவும் கிடையாது. கிரேஹவுண்டுக்கு ஆபத்து அதிகம். லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், பார்டர் கோலி என்று மற்ற இனங்களும் தப்பியதில்லை. பொடித்து அழுத்திய பெல்லட்டோ முழுப் பூவோ, கொதித்ததோ கொதிக்காததோ, எல்லாமே ஆபத்துதான்.

சிலர் ஹாப்ஸை மஸ்லின் பையில் கட்டிப் போடுகிறார்கள். நாய் அந்தப் பையை அப்படியே விழுங்கிவிடும். வாந்தி எடுக்கவைத்தாலும் முழுப் பை வெளியே வராது, குடலை அடைக்கும், உள்ளேயே ஊறிக்கொண்டும் இருக்கும். இன்னொன்று, மால்ட் சக்கையில் நாய் பிஸ்கட் சுடுகிற பழக்கம் இங்கே நிறைய உண்டு. ஹாப்ஸ் போடுவதற்கு முன்பே வடித்து எடுத்த தானியம் என்பதால் அது வேறு விஷயம், ஆனால் இரண்டு சக்கையையும் ஒரே வாளியில் கொட்டுகிற வீட்டில் அந்த பிஸ்கட்டைச் சுடவே சுடாதீர்கள்.

ஹாப்ஸ் சக்கையைக் கம்போஸ்டில் போடாதீர்கள், தோட்டத்தில் பரப்பாதீர்கள். தடித்த பையில் கட்டி, மூடி இறுகப் பூட்டுகிற குப்பைத் தொட்டிக்கு அன்றே அனுப்புங்கள். குப்பை வண்டி வர நாள் இருந்தால் ஃப்ரீசரில் வையுங்கள். ஈஸ்ட் தொட்டியின் அடியில் நிற்கிற வண்டலுக்கும் இதேதான், அதில் ஆல்கஹாலும் சேர்ந்திருக்கும்.

நாய் தின்றதைப் பார்த்துவிட்டீர்களா, மூச்சிரைக்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நீங்களாக உப்புத் தண்ணீர், பெராக்சைடு என்று எதையும் புகட்டாதீர்கள். இரைக்கத் தொடங்கிவிட்ட நாயை வாந்தி எடுக்கவைத்தால் அது நுரையீரலுக்குள் போகலாம். வரும் வழியில் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, கார் ஏசியை முழுசாக வையுங்கள். ஐஸ் வேண்டாம். இந்த வெப்பத்துக்கு டான்ட்ரோலின் என்று ஒரு மருந்து உண்டு, ஆனால் எல்லா கிளினிக்கிலும் இருக்காது, அதனால் போனிலேயே அதைக் கேட்டுவிடுங்கள்.

போன வருடம் ஹில்ஸ்பரோவில் வேலை செய்கிற நம்மூர்த் தம்பி ஒருவர் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டார். “அக்கா, கறுப்பன் வாளிக்குள்ள தலையை விட்டுட்டான், பாதி காலி. ஆனா பார்க்க நல்லாத்தான் இருக்கான், காலையில கூட்டிட்டு வரட்டுமா?” இப்பவே வா என்றேன். இருபது நிமிடத்தில் வந்தார்கள். வாந்தி எடுக்கவைத்து, கரிப்பொடி கொடுத்தோம். பதினொன்றரைக்கு மூச்சிரைக்கத் தொடங்கியது, சூடு 105 வரை ஏறியது, மருந்து கையில் தயாராக இருந்தது. தம்பி தரையில் உட்கார்ந்து ஈரத் துண்டை மாற்றிக்கொண்டே இருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு 102.4. கறுப்பன் எழுந்து நின்று உடம்பை உதறி, கரி படிந்த வாயோடு அவர் சட்டையை நக்கினான்.