காசு போவது ஏன் வலிப்பதில்லை?

ஆடி மாதத்தில் வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஏதாவது ஒரு துணிக்கடையில் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். வந்தவர் விலை கேட்பதற்குள் கடைக்காரப் பையன் புடவையைப் பிரித்து, அவர் தோளில் போட்டு, கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டிருப்பான். "கலர் உங்களுக்கு எடுப்பா கீதுக்கா. மேல போட்டுப் பாருங்க, எடுக்கலன்னாலும் பரவால்ல." விலைச் சீட்டு அப்புறம்தான் கண்ணில் படும். அதிலும் 2,400 என்பதை அடித்துவிட்டு 1,499 என்று எழுதியிருக்கும். அந்த அக்கா வீட்டிலிருந்து கிளம்பியது பையனுக்கு இரண்டு பனியன் வாங்க.

இதைப் பார்த்துவிட்டு "கையில் காசு நிற்காது, ஆசை ஜாஸ்தி" என்று சொல்வது எளிது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் ஓரளவு பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டால் கடனிலிருந்து வெளியே வரும் வழியும் கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும்.

முதலில் டோபமைன். இதை "இன்பம் தரும் ரசாயனம்" என்று சொல்வது பாதிதான் சரி. 1990களில் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். தொடக்கத்தில் சாறு வாயில் விழும்போது அந்த அணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்கு எரியும்போதே துடித்தன. சாறு வந்தபோது தனியாக எந்தத் துடிப்பும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கின. அதாவது, டோபமைன் கணக்குப் பார்ப்பது கிடைத்ததை அல்ல, கிடைக்கப் போவதை. பார்சல் எப்போது வரும் என்று போனை எடுத்து எடுத்துப் பார்க்கும் பரபரப்பு, பிரித்த மறுநாளே காணாமல் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். பீரோவில் ஏறிவிட்டால் எந்தப் புடவையும் பத்தோடு பதினொன்று.

2007இல் பிரையன் நட்ஸனும் அவருடைய குழுவினரும் ஆட்களை மூளை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்க வைத்து, பொருட்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். முதலில் பொருள், சில நொடி கழித்து விலை, அப்புறம் வாங்குகிறாயா இல்லையா என்ற கேள்வி. பிடித்த பொருளைப் பார்த்ததும் மூளையின் ஆழத்தில் இருக்கும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சின்னப் பகுதி வேகமெடுத்தது. விலை அதிகம் என்று தோன்றியபோது இன்சுலா என்ற இன்னொரு பகுதி விழித்துக்கொண்டது. உடம்பு வலிக்கும்போதும் எதையாவது பார்த்து அருவருக்கும்போதும் வேலை செய்கிற பகுதி அது. இரண்டில் எது ஓங்கியது என்பதைப் பார்த்தே, அந்த ஆள் வாங்குவாரா மாட்டாரா என்பதை ஓரளவு முன்கூட்டிச் சொல்ல முடிந்தது.

ஆக, வாங்குவது என்பது ஆசைக்கும் ஒருவித வலிக்கும் நடுவே நடக்கும் இழுபறி. இதில் எது முதலில் வருகிறது என்பதும் முக்கியம். 2015இல் வந்த இன்னோர் ஆய்வில் பொருளுக்கு முன்னால் விலையைக் காட்டிப் பார்த்தார்கள். பொருளை முதலில் பார்த்தவர்கள் "எனக்குப் பிடிச்சிருக்கா?" என்ற கோணத்தில் முடிவெடுத்தார்கள். விலையை முதலில் பார்த்தவர்கள் "இந்த விலைக்கு இது தகுமா?" என்ற கோணத்துக்குப் போனார்கள். நம் துணிக்கடைப் பையன் இந்த ஆய்வைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் புடவையை முதலில் தோளில் போட வேண்டும், சீட்டை அப்புறம் காட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு பொருளைக் கையால் தொட்டுப் பார்த்தாலே அது நம்முடையது என்ற நினைப்பு கொஞ்சம் ஒட்டிக்கொள்வதையும், அதற்குக் கூடுதல் விலை கொடுக்க மனம் தயாராவதையும் 2009இல் ஜோன் பெக், சூசன் ஷு இருவரும் சோதித்துக் காட்டினார்கள். தோளில் போட்டதைக் கழற்றிக் கொடுப்பது, வாங்காமல் இருப்பதைப் போலத் தோன்றாது. இருந்ததை இழப்பதைப் போலத் தோன்றும்.

அடித்த 2,400 எதற்கு என்றால், மனசு ஒப்பிட ஒரு உயரமான எண் வேண்டும். 1,500 போடாமல் 1,499 போடுவது எதற்கு என்றால், நாம் எண்ணை இடமிருந்து படிக்கிறோம், தொடக்கத்தில் 15 இருக்க வேண்டிய இடத்தில் 14 தெரிந்தால் ஒரு ரூபாய்க்கு மேலேயே விலை குறைந்ததாக உறைக்கிறது. இவை எல்லாருக்கும் தெரிந்த தந்திரங்கள். தெரிந்திருந்தும் வேலை செய்கின்றன.

இனி காசு கொடுக்கும் கட்டம். டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். பாதிப் பேர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், மீதிப் பேர் கிரெடிட் கார்டில் கட்ட வேண்டும். கார்டுக்காரர்கள் கேட்ட தொகை ஏறக்குறைய இரண்டு மடங்குக்குப் போனது. ஐந்நூறு ரூபாய் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வருகிற அந்தச் சின்ன வலி, அட்டையைத் தேய்க்கும்போது மங்கிவிடுகிறது. 2016இல் யுபிஐ வந்த பிறகு அட்டையும் வேண்டியதில்லை. காட்பாடி ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துவிட்டு ஸ்கேன் செய்தால், பணம் வந்துவிட்டது என்று பெட்டி சத்தமாகச் சொல்கிறது. பணம் வாங்கியவருக்குச் செய்தி காதில் விழுகிறது. கொடுத்தவருக்குச் சட்டைப்பையில் எதுவும் குறைந்ததாகவே தெரிவதில்லை.

இஎம்ஐ இதற்கும் ஒரு படி மேலே. இன்றைக்கு 1,000 ரூபாயா, அடுத்த வாரம் 1,100 ரூபாயா என்று கேட்டால் பலரும் இன்றைக்கே கொடு என்பார்கள். ஒரு வருடம் கழித்து 1,000, அதற்கும் ஒரு வாரம் கழித்து 1,100 என்று கேட்டால், அதே ஆட்கள் ஒரு வாரம் காத்திருக்கத் தயார். காத்திருக்கும் காலம் இரண்டிலும் ஒரே வாரம்தான். ஆனால் "இப்போது" என்பதற்கு மனம் கொடுக்கும் எடை தனி. "இன்னைக்கு ஒண்ணும் கட்ட வேணாம் சார்" என்ற விளம்பரம் குறி வைப்பது அந்த எடையைத்தான்.

தள்ளிப்போட்ட வலி எங்கே போகிறது? வட்டியாகத் திரும்பி வருகிறது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,400 ரூபாய். வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 252. ஆக 41,652. அவர் "மினிமம் டியூ" என்று போட்டிருக்கும் 5 சதவீதத்தை, அதாவது 2,083 ரூபாயை மட்டும் கட்டுகிறார். அசலில் குறைந்தது வெறும் 431. இப்படியே போனால், புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காமல் இருந்தாலும், பாக்கி பாதியாகக் குறையவே 64 மாதம் ஆகும். சந்தேகமிருந்தால் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

தண்டல் கணக்கு வேறு. 10,000 ரூபாய்க்கு 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும் என்று வையுங்கள். "ஆயிரம் ரூபா தானே வட்டி, பத்து பர்சென்ட்" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பதால், நூறு நாளும் சராசரியாக நம் கையில் இருப்பது பாதிப் பணம்தான். அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 78 சதவீதத்தை ஒட்டி வரும். அடகுக் கடையின் இரண்டு ரூபாய் வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். ஒப்பிட்டால் மார்வாடிக் கடை தேவலாம் என்று ஆகிவிடுகிறது.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் மாட்டிக்கொள்கிறோம்? இதற்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் நால்வரும் சேர்ந்து 2013இல் வெளியிட்டது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சுற்றியுள்ள 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். திருவண்ணாமலை 1989 வரை நம் வேலூரோடு சேர்ந்து வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்ததுதானே.

கரும்பைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாரும் ஒரே நாளில் வெட்டிவிட முடியாது. ஆலை வெட்டு உத்தரவு கொடுக்கும்போதுதான் வெட்ட வேண்டும். வேலூர்ப் பக்கத்து அம்முண்டி சர்க்கரை ஆலைக்கு லோடு ஏற்றியவர்களைக் கேட்டால் அந்தக் காத்திருப்பைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். ஒருவருக்குப் பணம் வந்திருக்கும்போது பக்கத்து நிலத்துக்காரர் கையைப் பிசைந்துகொண்டிருப்பார். அதனால் பருவம், வெயில், பண்டிகை இவற்றின் பாதிப்பைத் தனியே ஒதுக்கிவிட்டு, பணமுடையின் பாதிப்பை மட்டும் பார்க்க முடிந்தது. அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் 4 சதவீதம். வடிவங்களைப் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் அறிவுத்திறன் சோதனையை இரண்டு முறையும் கொடுத்தார்கள். அதே ஆள், அதே மூளை. அறுவடைக்கு முன் மதிப்பெண் குறைவு, பின்னால் அதிகம்.

கடன் தலைக்குள் இடத்தை அடைத்துக்கொள்கிறது. தண்டல்காரர் சாயங்காலம் வருவார் என்ற நினைப்பு ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருந்தால், மீதி வேலைகளுக்கு மூளையில் இடம் சுருங்குகிறது. அவசரத்தில் எடுத்த முடிவு அடுத்த கடனைக் கொண்டுவருகிறது. "கொஞ்சம் யோசிச்சுச் செலவு பண்ணக் கூடாதா?" என்று கடனாளியைக் கேட்பவர்கள், அந்த யோசிக்கும் திறனைத்தான் கடன் முதலில் தின்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் கடனை மொத்தமாக அடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதையும் செய்து பார்த்தார்கள். இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகள் அதிக வட்டிக்கு வாங்கியிருந்த கடனை ஆய்வாளர்களே அடைத்தார்கள். 2019இல் வெளியான முடிவு: பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடியும் கடனில். இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, அடைக்கும்போதே அவசரத்துக்கு ஒரு சின்னத் தொகையை ஒதுக்கி வைக்காவிட்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்றே பழைய வட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும் என்பது.

மன உறுதியை நம்பலாமா என்றால், நான் நம்ப மாட்டேன். மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் சரக்கு என்று ஒரு கொள்கை நெடுநாள் பிரபலமாக இருந்தது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அதைத் திரும்பச் சோதித்தபோது சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் தேறவில்லை. இன்னொரு பக்கம், கட்டுப்பாடு மிக்கவர்களை அன்றாட வாழ்வில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், அவர்கள் ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டுவதாகத் தெரியவில்லை. ஆசை கிளம்பும் இடத்துக்கே அவர்கள் குறைவாகப் போகிறார்கள்.

அதனால் செய்ய வேண்டியது இழுபறியில் வலியின் பக்கம் கொஞ்சம் எடை சேர்ப்பது. ஷாப்பிங் ஆப்பில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழித்துவிட்டால், ஒவ்வொரு முறையும் எழுந்து போய் அட்டையைத் தேடி, பதினாறு இலக்கம் அடிக்க வேண்டும். அந்தச் சலிப்பே பாதி வேலையைச் செய்யும். கடைக்குப் போகும் முன் என்ன பொருள், என்ன விலைக்குள் என்று சீட்டில் எழுதிக்கொண்டால் விலை முதலில் வந்துவிடும். மேலே போட்டுப் பார்க்கச் சொன்னால் விலையைச் சொன்ன பிறகு போடுங்கள் என்று சொல்லலாம், தப்பில்லை. வீட்டுச் செலவுப் பணத்தை ரொக்கமாக எடுத்து உறைகளில் பிரித்து வைப்பது பழைய பழக்கம்தான். திலீப் சோமன், அமர் சீமா இருவரும் இந்தியக் கட்டடத் தொழிலாளர்களிடம் இதைச் சோதித்தார்கள். சேமிப்புப் பணத்தை ஒட்டிய உறையில் போட்டு, அதன் மேல் அவர்களுடைய பிள்ளைகளின் படத்தையும் ஒட்டிக் கொடுத்தபோது சேமிப்பு கூடியது. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உறையைக் கிழிக்க யாருக்குக் கை வரும்?

சீட்டுக் கட்டுவதும் இதே வகைதான், நம் கையை நாமே கட்டிக்கொள்வது. பதிவு செய்த சீட்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிச் சீட்டு பிடித்தவர் ஊரை விட்டே போன கதை நம் பக்கத்தில் எல்லாருக்கும் ஒன்றாவது தெரியும்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. கணக்கு சொல்வது, வட்டி அதிகமானதை முதலில். மனம் கேட்பது, சின்னதை முதலில், ஒன்றாவது முடிந்த திருப்தி வேண்டும் என்று. தண்டல் பெரும்பாலும் இரண்டிலும் பொருந்திவிடும், தொகையும் சின்னது, வட்டியும் உச்சம். வங்கியில் வைத்த நகை கடைசியில் இருக்கட்டும், ஆனால் வட்டி கட்டும் தேதி தவறி நகை மூழ்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்டல் முடிந்த அன்று, தினம் போய்க்கொண்டிருந்த 100 ரூபாய் மிச்சமாகும், மாதம் 3,000. ஒரு வாரம் கையில் தங்கவிட்டால் அது டீ, ரீசார்ஜ், ஆட்டோ என்று கரைந்துவிடும், எங்கே போனது என்றே தெரியாது. மறுநாளிலிருந்தே அதைக் கார்டுக்குத் திருப்பி, 2,083 கட்டிய இடத்தில் 5,000 கட்டினால், அந்த ஆம்பூர்க்காரரின் 40,000 ரூபாய் பாக்கி பத்தாவது மாதம் முடிந்துவிடும், இடையில் கார்டைத் தேய்க்காத பட்சத்தில்.