விலையேற்றத்தை யார் தாங்குவது? திறந்த மின் சந்தையும் வீட்டு பில்லும்

மின் விற்பனையில் போட்டி வந்தால் கட்டணம் குறையும் என்று ஒரு தரப்பு சொல்லும், எகிறிவிடும் என்று மறுதரப்பு சொல்லும். இரண்டுக்கும் சான்று காட்ட ஊர்கள் உண்டு. ஆனால் வீட்டுக்காரர் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: மின் நிலையங்களிடமிருந்து விற்பனை நிறுவனங்கள் மின்சாரம் வாங்கும் மொத்தச் சந்தையில் விலை ஏறும் நாளில் அந்தச் சுமை யார் தலையில் விழும்? எல்லாவற்றையும் ஒரே வாரியம் நடத்தும்போது அது வாரியத்தின் நஷ்டத்திலோ அரசின் மானியத்திலோ கரையும். சந்தை திறந்துவிட்டால், அதற்கான பதில் நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மின்சாரம் வீடு வந்து சேர நான்கு வேலைகள் நடக்கின்றன: உற்பத்தி, உயர் அழுத்தக் கம்பிகளில் கடத்தல், தெருவுக்குள் பகிர்மானம், கடைசியாக மீட்டர் கணக்கெடுத்து பில் போட்டு விற்பது. சிலி நாடு 1982இல் தொடங்கிவைத்து, பிரிட்டனும் நார்வேயும் 1990களில் பின்பற்றிய சீர்திருத்தங்களில் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டவை முதலாவதும் நான்காவதும் மட்டுமே. ஒரே தெருவில் நான்கு நிறுவனங்கள் நான்கு வரிசைக் கம்பம் நடுவது வீண் செலவு என்பதால் கம்பி ஏகபோகமாகவே தொடர்கிறது. அதன் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. ஆகவே விற்பனை நிறுவனத்தை மாற்றினால் மின்தடை குறையாது, மின்னழுத்தம் சீராகாது. டிரான்ஸ்பார்மர் வெடித்தால் அழைக்க வேண்டியதும் பழைய கம்பி நிறுவனத்தைத்தான். “எங்களிடம் வந்தால் தடையில்லா மின்சாரம்” என்று வாசலில் நிற்பவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை அனுப்பிவிடலாம். பில்லில் கம்பிக்கான கட்டணமும் வரியும் போக மிஞ்சும் பகுதிக்குத்தான் போட்டி. 20 சதவீதத் தள்ளுபடி என்றால் எந்தப் பகுதியில் 20 சதவீதம் என்று கேளுங்கள்.

மொத்தச் சந்தை விலை ஏன் இப்படித் தாவுகிறது? சந்தையைப் பொறுத்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையோ, சில இடங்களில் 5 நிமிடத்துக்கு ஒருமுறைகூடவோ, மின் நிலையங்கள் தங்கள் விலையைச் சொல்கின்றன. மலிவானதிலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டே வருவார்கள். தேவை நிறையும் இடத்தில் கடைசியாக எடுக்கப்பட்ட நிலையம் கேட்ட விலையே அந்த நேரத்தில் எல்லா நிலையங்களுக்கும் கிடைக்கும். அந்தக் கடைசி இடத்தில் அடிக்கடி நிற்பது எரிவாயு நிலையம். காற்றாலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், எரிவாயு விலை ஏறினால் மின் விலையும் ஏறும். 2021 இறுதியிலும், 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்ட பிறகும் ஐரோப்பிய வீடுகள் பார்த்தது இதைத்தான். “பசுமை மின்சாரம்” வாங்குகிறோம், நமக்கென்ன என்று இருந்தவர்களும் தப்பவில்லை.

சுமை எங்கே விழும் என்பதை கலிபோர்னியா ஒரே நேரத்தில் இரண்டு விதமாகக் காட்டியது. 1998இல் அங்கே சந்தை திறந்தது. சான்டியாகோ பகுதியில் சில்லறை விலைக்கான உச்சவரம்பு 1999இல் நீங்கிவிட்டதால், 2000ஆம் ஆண்டுக் கோடையில் மொத்த விலை பாய்ந்தபோது வீட்டு பில்கள் இரண்டு மூன்று மடங்காயின. வடக்கே உச்சவரம்பு நீடித்தது. அங்கே வீடுகள் தப்பின, ஆனால் அதிக விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்ற பிஜி அண்டு இ நிறுவனம் 2001 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது.

வீட்டு ஒப்பந்தங்கள் பொதுவாக மூன்று வகை. நிலையான விலை ஒப்பந்தத்தில் 12 அல்லது 24 மாதங்களுக்கு யூனிட் விலை மாறாது. ஏற்ற இறக்கத்தை நிறுவனம் தாங்குகிறது, அதற்கான கூலியை விலையிலேயே சேர்த்துவிடுகிறது. மாறும் விலை ஒப்பந்தத்தில் முன்னறிவிப்போடு நிறுவனம் விலையை மாற்றலாம். மூன்றாவது, மொத்தச் சந்தை விலையை அப்படியே வீட்டுக்குக் கடத்துவது. சாதாரண மாதங்களில் மிக மலிவாகத் தெரிவது இதுதான், ஆபத்து முழுவதும் வீட்டின் மேல் விழுவதும் இதில்தான்.

டெக்சாஸில் கிரிடி என்ற நிறுவனம் மாதம் 9.99 டாலர் சந்தாவுக்கு இந்த மூன்றாம் வகையை விற்றது. 2021 பிப்ரவரி பனிப்புயலில் மொத்த விலை அப்போதைய உச்சவரம்பான யூனிட்டுக்கு 9 டாலரைத் தொட்டு, ஏறக்குறைய நான்கு நாட்கள் அங்கேயே நின்றது. நாளுக்கு 50 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு அது தினம் 450 டாலர், நான்கு நாளில் 1,800. வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுங்கள் என்று கிரிடியே தன் வாடிக்கையாளர்களிடம் சொல்லியும், மாற்றம் நடக்க நாட்கள் ஆகும் என்பதால் பலர் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த மாதமே நிறுவனம் திவாலானது. அதே ஆண்டில் டெக்சாஸ் இவ்வகை ஒப்பந்தங்களை வீடுகளுக்கு விற்கத் தடை விதித்தது. மின்சாரத்தால் வெப்பமூட்டும் அல்லது குளிரூட்டும் வீடு இதற்குள் போகவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. விலை ஏறும் நாளும் உங்கள் பயன்பாடு ஏறும் நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும்.

இனி கணக்கு. விளம்பரத்தில் யூனிட் விலை பெரிய எழுத்தில் இருக்கும், மின்சாரம் எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாள்தோறும் விழும் நிலைக்கட்டணம் ஓரத்தில் இருக்கும். ஒரு திட்டம் நாளுக்கு 30 காசு நிலைக்கட்டணம், யூனிட் 20 காசு என்கிறது. இன்னொன்று நாளுக்கு 60, யூனிட் 17. முப்பது நாள் மாதத்தில் நிலைக்கட்டண வித்தியாசம் 900 காசு. அதை யூனிட் விலை வித்தியாசமான 3ஆல் வகுத்தால் 300. மாதம் 300 யூனிட்டுக்குக் கீழே செலவழிக்கும் வீட்டுக்கு முதல் திட்டமும், அதற்கு மேல் போனால் இரண்டாவதும் லாபம். 100 யூனிட் மட்டும் செலவழிக்கும் சிறு குடும்பம் “17 காசு” என்ற எழுத்தைப் பார்த்து மாறினால் 2,900க்குப் பதிலாக 3,500 கட்டும்.

இதைவிட வஞ்சகமானது வரம்புத் தள்ளுபடி. டெக்சாஸில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு விவரத் தாள் தர வேண்டும், அதில் 500, 1000, 2000 யூனிட்டுகளுக்கான சராசரி விலை இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் யூனிட் 15 சென்ட், 1000 யூனிட்டைத் தொட்டால் 50 டாலர் கழிவு என்று வைத்தால், தாளில் 1000க்கு நேரே 10 சென்ட் என்று அழகாக வரும். நீங்கள் 999 யூனிட்டில் நின்றால் கழிவு இல்லை, விலை முழு 15 சென்ட். ஒரு யூனிட் குறைந்ததற்காக பில்லில் கிட்டத்தட்ட 50 டாலர் கூடுகிறது. அதனால் தாளில் உள்ள சராசரியை நம்பாமல், உங்கள் கடந்த 12 மாத யூனிட்டுகளை எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாகத் திட்டத்தின் கணக்கைப் போட்டுக் கூட்டுங்கள். அரை மணி நேர வேலை, இதற்கு மாற்று கிடையாது.

தேவை மிகும் மாலையில் விலை கூடி மற்ற நேரத்தில் குறையும் நேரத்துக்கேற்ற விலைத் திட்டம், டைமர் வைத்த வாட்டர் ஹீட்டரோ மின்காரோ உள்ள வீட்டுக்கு நன்மை தரும். மாலையில் சமையல், ஏசி, தொலைக்காட்சி எல்லாம் ஒன்றாக ஓடும் வீட்டில் பில் ஏறவே செய்யும்.

பணம் அதிகம் போவது ஒப்பந்தம் முடிந்த மறுநாள். நிலையான விலைக் காலம் முடிந்ததும், நீங்கள் எதுவும் செய்யாவிட்டால், பெரும்பாலும் விலை கூடிய மாறும் திட்டத்துக்கு உங்களைத் தள்ளிவிடுவார்கள். முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். இடையில் விலகினால் பெரும்பாலும் விலகல் கட்டணம் உண்டு. பிரிட்டனில் கடைசி 49 நாட்களில் அது கிடையாது. மற்ற இடங்களில் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று தேடுங்கள். அரசின் விலை உச்சவரம்பு இருக்கிறதே என்று சும்மா இருப்பவர்களுக்கு ஒரு திருத்தம்: பிரிட்டனில் 2019இல் வந்த உச்சவரம்பு யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும்தான். மொத்த பில்லுக்கு எந்த வரம்பும் இல்லை.

வீடு தேடி வரும் விற்பனையாளர் “பழைய பில்லைக் கொஞ்சம் காட்டுங்கள்” என்பார். காட்டாதீர்கள். அதில் உங்கள் இணைப்பு எண் இருக்கிறது. அது கிடைத்தால் உங்கள் சம்மதம் இல்லாமலே வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடும் மோசடிக்கு வழி திறக்கும். தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் ரத்து செய்யும் அவகாசத்தை உடனே பாருங்கள். பிரிட்டனில் அது 14 நாள். ரத்துக் கடிதத்தை எழுத்தில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் கருவி போன்ற மருத்துவச் சாதனம் இருந்தால், கம்பி நிறுவனத்திடமும் விற்பனை நிறுவனத்திடமும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். விற்பவரை மாற்றும்போது புதியவரிடம் மறுபடியும் சொல்ல வேண்டும். பழைய பதிவு தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டால் ஆபத்து உயிருக்கு.

விற்ற நிறுவனமே மூடிவிட்டால்? 2021-22இல் பிரிட்டனில் ஏறக்குறைய 30 நிறுவனங்கள் மூழ்கின. முன்கூட்டியே மின்சாரம் வாங்கி வைக்காமல் மலிவான நிலையான விலையை விற்றவை அவற்றில் பல. எந்த வீட்டிலும் விளக்கு அணையவில்லை. ஆணையம் வாடிக்கையாளர்களை வேறு நிறுவனத்திடம் ஒப்படைத்தது, கூடுதல் செலவு நிலைக்கட்டணத்தில் ஏறி எல்லா வீடுகளுக்கும் பரவியது. அப்படி நேர்ந்தால் முதலில் மீட்டரைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். பழைய பில்களையும், முன்பணம் இருந்தால் அதற்கான கணக்கையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நிறுவனத்தின் இணையதளம் எப்போது வேண்டுமானாலும் மறைந்துபோகலாம். புதிய நிறுவனம் தொடர்புகொள்ளும் வரை நீங்களாக வேறெங்கும் மாறாதீர்கள், தானியங்கி வங்கிப் பிடித்தத்தையும் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். புதிய நிறுவனத்தின் முதல் பில் வந்ததும், தொடக்க அளவு உங்கள் படத்தில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.