சிலிண்டரில் எரிவது யார் கணக்கு?

சென்ற வாரம் ஒரு பொறியியல் கல்லூரியில் பேசப் போயிருந்தேன். மாணவர்கள் காட்டிய ஸ்லைடில் "2038-க்குப் பிறகு ஓ.என்.ஜி.சி. எண்ணெயால் கார்பன் வராது" என்று எழுதியிருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், செய்தித் தலைப்பை நம்பியிருக்கிறார்கள். ஆனால் இதையே இந்த ஆண்டு ஒரு முதலீட்டு ஆலோசகரும் ஒரு பத்திரிகை நண்பரும் என்னிடம் சொல்லிவிட்டார்கள். நிறுவனங்களின் உமிழ்வுக் கணக்கைச் சரிபார்ப்பது என் தொழில். இனியும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஓ.என்.ஜி.சி. 2038-க்குள் நிகர பூஜ்ஜியம் (அதாவது, வெளியிடுவதையும் ஈடுகட்டுவதையும் கழித்தால் மிச்சமில்லாத நிலை) ஆக்குவதாகச் சொன்னது ஸ்கோப் 1, ஸ்கோப் 2 உமிழ்வுகளை. இந்தியன் ஆயில் தன் செயல்பாட்டு உமிழ்வுக்கு வைத்துக்கொண்ட கெடு 2046. ஸ்கோப் 1 என்பது நிறுவனம் தன் வளாகத்திலேயே வெளியிடுவது: கம்ப்ரசர், பாய்லர், வேண்டாத வாயுவை எரித்துவிடும் ஃபிளேர், குழாய்க் கசிவு. ஸ்கோப் 2, வெளியிலிருந்து வாங்கும் கரன்ட். விற்ற எண்ணெயும் வாயுவும் எரியும்போது வருவது ஸ்கோப் 3. அது இந்த இலக்குக்குள் வரவில்லை.

உங்கள் அடுப்படியில் இருக்கும் சிலிண்டரையே பாருங்கள். உள்ளே 14.2 கிலோ எல்.பி.ஜி. அது தீரும்போது சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போயிருக்கும். 14 கிலோ எப்படி 42 ஆகும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். காற்றில் உள்ள ஆக்சிஜன் சேர்கிறது, கணக்கு சரிதான். அந்த 42 கிலோ, சிலிண்டரை நிரப்பி விற்ற நிறுவனத்தின் ஸ்கோப் 1-இல் கிடையாது. நீங்கள் வண்டிக்குப் போடும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ, அதுவும் கிடையாது. சுத்திகரிப்பு ஆலை முழுக்க சூரிய மின்சாரத்தில் ஓடினாலும் உங்கள் சிலிண்டர் அதே 42 கிலோவைத்தான் வெளியிடும்.

அதற்காக ஸ்கோப் 1, 2 அற்ப விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2022-இல் உலகம் முழுக்க எண்ணெய், எரிவாயு எடுப்பதிலும் பக்குவப்படுத்துவதிலும் கொண்டுசெல்வதிலும் மட்டும் 510 கோடி டன் உமிழ்வு. எரிசக்தித் துறையின் மொத்தத்தில் இது கிட்டத்தட்ட 15 சதவீதம். எடுத்ததை எரிப்பதால் வருவது இன்னொரு 40 சதவீதம். முதல் பகுதியைக் குறைத்தே ஆக வேண்டும். இரண்டாவதையும் சேர்த்துக் குறைத்ததாக யாரும் பேசக் கூடாது, அவ்வளவுதான்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை, அதாவது நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பைப் பற்றித் தரும் அறிக்கை, 2022-23 முதல் பங்குச் சந்தையின் முன்னணி 1000 நிறுவனங்களுக்குக் கட்டாயம். அதில் ஸ்கோப் 1, 2 கட்டாயக் கேள்வி, ஸ்கோப் 3 விருப்பக் கேள்வி. எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு வருவதே அந்த விருப்பப் பகுதியில்தான். அறிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

அடுத்து என்னை ரொம்பவும் சோதிப்பது "உமிழ்வுச் செறிவு குறைந்தது" என்ற வரி. அந்தப் படிவம் கேட்கும் செறிவுகளில் ஒன்று, ஒரு ரூபாய் வருவாய்க்கு எவ்வளவு உமிழ்வு என்பது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியது. விலை ஏறினால் வருவாய் ஏறும். வருவாய் 1000-இலிருந்து 1500 ஆனது, உமிழ்வு அதே 100 டன் என்று வையுங்கள். ஆலையில் ஒரு வால்வைக்கூடத் திருப்பாமல் செறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்தச் சதவீதத்தைத் தலைப்பாக்காதீர்கள். மொத்த டன் எவ்வளவு, போன வருடம் எவ்வளவு என்று பாருங்கள். அதைப் பார்க்கும்போதே, தாய் நிறுவனத்தின் கணக்கு மட்டுமா, துணை நிறுவனங்களும் சேர்ந்ததா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஓ.என்.ஜி.சி.யின் கீழ் ஹெச்.பி.சி.எல்., எம்.ஆர்.பி.எல். என்ற இரண்டு சுத்திகரிப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்தால் ஒரு எண், விட்டால் வேறு எண்.

அப்புறம், அந்த டன் எங்கிருந்து வருகிறது? ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் வாயு சேகரிப்பு நிலையத்துக்குச் சரிபார்க்கப் போனேன். ஃபிளேர் பதிவேட்டில் மாதம் முழுக்க நீல மையில் ஒரே எண். 14-ஆம் தேதி நிலையமே மூடியிருந்திருக்கிறது, அன்றைக்கும் அதே எண். மீட்டர் சரியாக அளக்கிறதா என்று சோதித்த தேதியைக் காட்டும் கேலிபிரேஷன் ஸ்டிக்கர் வெளுத்துப்போய்த் தேதியே தெரியவில்லை. ஷிப்டில் இருந்த தம்பி, "மீட்டர் ஓடி ரொம்ப நாளாச்சு மேடம், டிசைன் அளவைத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க" என்றார். அவர் மேல் தவறில்லை. ஆனால் அளக்காமல், வடிவமைப்பில் குறித்த அளவைப் பார்த்து எழுதிய அந்த எண்தான் தசம புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு பளபளப்பான அறிக்கையில் அச்சாகும்.

மீட்டர் ஓடினாலும், ஃபிளேரில் இயற்கை வாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேனில் 98 சதவீதம் எரிந்துவிடும் என்று வைத்துக்கொள்வது தொழில் வழக்கம். அமெரிக்காவின் மூன்று எண்ணெய் வயல்கள் மேல் விமானத்தில் பறந்து அளந்து 2022-இல் வெளிவந்த ஆய்வில் கிடைத்தது 91 சதவீதம்தான். தப்பித்துப்போகும் மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். சக சரிபார்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அலுவலகத்தில் உட்கார்ந்து எக்செல் தாளை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஃபிளேர் அடியில் போய் நில்லுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஓ.என்.ஜி.சி.யிலும் இந்தியன் ஆயிலிலும் பாதிக்கு மேல் பங்கு அரசினுடையது, அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தும். கட்டணம் பத்து ரூபாய். நீளமாக எழுத வேண்டாம். எத்தனை ஃபிளேர்களில் மீட்டர் இருக்கிறது, ஒவ்வொன்றும் கடைசியாகக் கேலிபிரேட் ஆன தேதி என்ன என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வணிக ரகசியம் என்று மறுத்தால், மறுப்பு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள்.