பள்ளி லேபில் அட்மின் பாஸ்வேர்டு ஏன் வெளியே போகிறது?

பள்ளிக் கணினி லேபைப் பராமரிக்கப் போனால் நான் முதலில் பார்ப்பது, மாணவர்கள் எந்த அக்கவுண்டில் நுழைகிறார்கள் என்பதைத்தான். பல இடங்களில் எல்லோருக்கும் அட்மின் அக்கவுண்ட்தான், அதாவது கணினியில் எதையும் பதியவும் மாற்றவும் முழு உரிமை உள்ள அக்கவுண்ட். உரிமை குறைந்த ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் தனியாக வைத்திருக்கும் பள்ளிகளிலும் அட்மின் பாஸ்வேர்டு மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டியிருந்த லேபையும் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியரைக் குறை சொல்லும் முன், அந்தப் பாஸ்வேர்டு ஏன் வெளியே வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் நாம் போட்ட கட்டுப்பாடு பாடத்தையே தடுத்திருக்கும். வகுப்பு முழுக்கக் காத்திருக்கும்போது ஒவ்வொரு கணினியாகப் போய் பாஸ்வேர்டு அடிக்க அவரால் முடியாது, சொல்லிவிடுகிறார்.

ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் கொடுப்பதுதான் முதல் வேலை. ஆனால் அது மட்டும் போதாது. பென் டிரைவில் வரும், பதியாமலே ஓடும் போர்ட்டபிள் கேம்களை அது தடுக்காது. குரோம் போன்ற சில மென்பொருள்கள் அட்மின் அனுமதி இல்லாமலே ஒவ்வொரு பயனருக்கும் தனியாக உள்ள ஆப்டேட்டா ஃபோல்டரில் பதிந்துகொள்ளும். இங்கேதான், எந்த மென்பொருள் ஓடலாம், எது ஓடக் கூடாது என்று விதி வைக்கும் விண்டோஸ் வசதியான ஆப்லாக்கர் தேவைப்படுகிறது. அதன் இயல்பு விதிகள் எளிமையானவை: புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஆகிய இரண்டு ஃபோல்டர்களில் இருப்பவை எல்லோருக்கும் ஓடும், வேறு இடத்தில் இருப்பவை அட்மினுக்கு மட்டும் ஓடும். தடை செய்ய வேண்டிய கேம்களின் பெயர்களைப் பட்டியல் போடுவது வீண் வேலை. ஃபைலின் பெயரை மாற்றினால் அந்தப் பட்டியல் செல்லாது.

விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே டெம்ப் போல, சாதாரணப் பயனரும் ஃபைல் எழுதக்கூடிய இடங்கள் சில உண்டு. அங்கே இருப்பவை ஓடாதபடி, விண்டோஸ் ஃபோல்டருக்கான விதியில் அவற்றை விதிவிலக்காகச் சேர்த்துவிடுங்கள். ஸ்டோர் ஆப்களுக்கான இயல்பு விதியையும் மறக்காமல் உருவாக்குங்கள். இல்லாவிட்டால் கால்குலேட்டர்கூடத் திறக்காது.

இனி பாடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ் இருக்கிறது. மாணவி டெவ் சி பிளஸ் பிளஸ் என்ற மென்பொருளில் நிரல் எழுதி, அதை ஓடும் ஃபைலாக மாற்ற கம்பைல் கொடுக்கிறாள். பிழை இல்லை. ரன் கொடுத்தால் தடைச் செய்தி வருகிறது. காரணம் இதுதான்: கம்பைலர் உருவாக்கும் அந்த ஓடும் ஃபைல், அதாவது எக்ஸி ஃபைல், அவள் நிரலைச் சேமித்த டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலேயே விழுகிறது. ஆப்லாக்கரின் கண்ணுக்கு அதுவும் பென் டிரைவில் வந்த கேமும் ஒன்றுதான். அவளோ தன் நிரல்தான் தப்பு என்று நினைத்து வரி வரியாகத் தேடிக்கொண்டிருப்பாள். எனக்கு இதுதான் மிகவும் வருத்தமான விஷயம்.

இதற்கு டி டிரைவில் ஒரு பிராக்டிகல் ஃபோல்டர் வையுங்கள். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும், பிளஸ் ஒன் அக்கவுண்டுக்கு மட்டும் அனுமதி விதி கொடுங்கள். கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதிலுள்ள எக்ஸி ஃபைல்களை அழிக்க டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை போட்டுவிடுங்கள்; மாணவர்கள் எழுதிய நிரல் அப்படியே இருக்கும். யாராவது கேமை அந்த ஃபோல்டருக்குள் நகல் எடுத்தால் ஓடத்தான் செய்யும். அந்தச் சிறு ஓட்டையைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாம். பாடம் நிற்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

பிளஸ் டூவில் வரும் பைத்தானுக்குத் தீர்வு சுலபம். அது இயல்பாக ஆப்டேட்டாவில் பதிவதால்தான் தடைபடுகிறது. எல்லாப் பயனர்களுக்கும் என்று தேர்வு செய்து பதிந்தால் புரோகிராம் ஃபைல்ஸுக்குப் போய்விடும், அப்புறம் தொல்லை இல்லை.

எந்த விதியையும் உடனே அமல்படுத்தாதீர்கள். முதலில் ஆடிட் முறையில் வைத்து, எல்லா வகுப்புகளின் செய்முறையும் ஒரு சுற்று முடியட்டும். அப்போது ஆப்லாக்கர் எதையும் தடுக்காமல், தடுத்திருக்கக்கூடியவற்றை மட்டும் 8003 என்ற எண்ணில் குறித்து வைக்கும்; விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் அதைப் பார்க்கலாம். அதைப் படித்தாலே எந்த ஆசிரியருக்கு எது தேவை என்று தெரிந்துவிடும். அமல்படுத்திய பிறகு உண்மையாகவே தடுத்தவை 8004 என்ற எண்ணில் வரும். ஆப்லாக்கர் நம்பியிருக்கும் அப்ளிகேஷன் ஐடென்டிட்டி சர்வீஸ் தானாகத் தொடங்கும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஓடாவிட்டால் விதிகள் சும்மா கிடக்கும்.

இதே வேலைக்குப் பழைய வழிகாட்டிகள் சொல்லும், ஆப்லாக்கருக்கு முந்தைய சாஃப்ட்வேர் ரெஸ்ட்ரிக்ஷன் பாலிசி வேண்டாம். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்போடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. புதிதாகக் கணினி வாங்கும் பள்ளிகள் ஹோம் பதிப்பைத் தவிர்ப்பது நல்லது. அதில் இந்த விதிகளை அமைக்கும் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது, பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனிலும் சேர்க்க முடியாது.

பிரவுசரில் பாஸ்வேர்டு சேமிக்கும் வசதியை பாலிசி மூலம் அணைத்துவிடுங்கள். பல பேர் உட்காரும் கணினியில் ஒரு பிள்ளையின் மெயில் அடுத்த பிள்ளைக்குத் திறந்து கிடக்கக் கூடாது. பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களையும் மொத்தமாகத் தடுத்து, தேவையானதை மட்டும் அனுமதியுங்கள். தடை செய்த தளங்களைத் திறக்க உதவும் இலவச விபிஎன் எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

லேபில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். என்ன மென்பொருள், எந்த வகுப்புக்கு, எந்தத் தேதிக்குள் என்று ஆசிரியர் எழுதட்டும். பராமரிப்பவர் அந்தத் தேதிக்கு முன்பே பதிந்து, ஆசிரியரை மாணவர் அக்கவுண்டில் உட்கார வைத்து ஒருமுறை ஓட்டிக் காட்டி, பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும்.