அடிப்பது சாராயமா, அவரா?

"குடிக்காத நாள்ல தங்கமான மனுசன். அப்போ அடிக்கிறது சாராயமா, அவரா?" இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், தலைத்துணியின் முனையால் இடது கன்னத்தை மறைத்தபடியே என்னிடம் இதைக் கேட்டார்.

சாராயத்திலுள்ள எத்தனால் குடலில் உறிஞ்சப்பட்டுச் சில நிமிடங்களில் மூளையை அடைந்து, பின்விளைவை எண்ணிப் பார்க்கும் நெற்றிப் பகுதியைத் தளர்த்துகிறது என்பது பலரும் அறிந்ததே. ஆனால் தளர்ச்சி ஏன் கோபமாக மாற வேண்டும்? ஸ்டீல், ஜோசப்ஸ் என்னும் உளவியலாளர்கள் 1990இல் இதை மதுவின் கிட்டப்பார்வை என விளக்கினார்கள். மூடுபனியில் ஹட்டன் வீதியில் வரும் வாகனத்துக்கு விளக்கடியில் உள்ள சில அடிகளே தெரிவதுபோல, குடித்தவரின் கவனத்துக்கு மிக அருகில் உறுத்துவது மட்டுமே தெரிகிறது; விழித்து அழும் பிள்ளையும் நாளைக் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டும் பனிக்கு அப்பால் போய்விடுகின்றன.

இதைச் சோதித்த விதம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. 2007இல் ஜியன்கோலாவும் கோர்மனும் வெளியிட்ட ஆய்வில், எதிராளிக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் போட்டியொன்றில் ஆண்கள் ஈடுபடுத்தப்பட்டார்கள். குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிடக் கடுமையாக அதிர்ச்சி கொடுத்தார்கள். ஆனால் திரையில் ஒளிரும் கட்டங்களின் வரிசையை நினைவில் வைக்கும் வேலையையும் சேர்த்துக் கொடுத்தபோது, அதே அளவு குடித்தவர்களின் மூர்க்கம் குடிக்காதவர்களுடையதைவிடக் குறைந்துபோனது. சுருங்கிய கவனத்தில் கட்டங்கள் நிறைந்துவிட்டதால் எதிராளியின் சீண்டலுக்கு அங்கே இடமில்லை. மதுவுக்குள் அடி என்று ஒன்று இல்லை. கவனத்தில் எது நிற்கிறதோ அதையே அது பெரிதாக்குகிறது.

வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஏசும்போது குடித்தவரின் கண்முன் நிற்பது பயம், கை எழுவதில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் அந்தப் பயம் இல்லை, ஏனெனில் மனைவியை அடித்தால் கேட்பாரில்லை என்பதைச் சிறுவயதிலேயே பார்த்துப் பழகியிருக்கிறார். ஆகவே குடி அடியைக் கூட்டுகிறது, கடுமையாக்குகிறது. யார்மீது என்பதை அவரே தேர்ந்தெடுக்கிறார். குடிக்காமலே அடிப்பவர்களும் உண்டு. கணவனின் அடிக்குக் காரணம் செய்வினை என்று நம்பி, மந்திரித்த கயிற்றுக்குத் தம் நாட்கூலியான பேர்க்காசைக் கொடுக்கும் பெண்களைப் பார்க்கையில் நெஞ்சு பதைக்கிறது. குடிநோய்க்குச் சிகிச்சை அவசியம். அது மட்டும் அவர்களைக் காப்பாற்றிவிடாது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம் என்றும், 1938 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம் என்றும் அக்காவிடம் சொன்னேன். எண்ணைத் தாளில் எழுதிக் கொடுக்கப் போனபோது தடுத்துவிட்டார். தாள் வீட்டில் கண்ணில் பட்டுவிடும் என்று சொல்லி, நான்கு இலக்கங்களையும் வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே மலையேறினார்.