கையெழுத்து வாங்க வந்த கம்மிய குரல்கள்

மதுரையில் காது மூக்குத் தொண்டை மருத்துவராக 19 ஆண்டுகளாக இருக்கிறேன். குரலைப் பற்றி நான் எழுதிய சின்னப் புத்தகம் ஒன்று போன வருடம் வெளிவந்தது. புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்துதான் அதில் பாதியை எழுதினேன். புத்தகம் கைக்கு வந்த கையோடு பதிப்பாளர் ஒரு பட்டியலை நீட்டினார். 16 நாள், 11 ஊர். மதுரையில் தொடங்கி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி, கம்பம், திரும்பி வரும் வழியில் வத்தலக்குண்டு, திண்டுக்கல், அப்புறம் இந்தப் பக்கம் திருமங்கலம், விருதுநகர், ராஜபாளையம்.

புத்தகம் எத்தனை விற்றது என்ற கணக்கு பதிப்பாளரிடம் இருக்கிறது. நான் இங்கே எழுத நினைப்பது கையெழுத்து வாங்க வரிசையில் நின்றவர்களைப் பற்றி. பேனாவை எடுத்து "பேர் சொல்லுங்க" என்பேன். பேரைச் சொல்லும் குரலே கம்மியிருக்கும். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டால், "அது கெடக்கு டாக்டர், ரெண்டு வருஷமா இப்படித்தான்" என்பார்கள். இவர்கள் யாரும் நோயாளியாக வரவில்லை, வாசகர்களாக வந்தவர்கள். கிளினிக்கில் உட்கார்ந்திருந்தால் இவர்களில் பாதிப் பேரை நான் பார்த்திருக்கவே மாட்டேன். (கீழே சொல்கிறவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் குரல் எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கழுத்தின் முன்பக்கம், சங்குக்குப் பின்னால், மூச்சுக்குழலின் வாசலில் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. பேசும்போது நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரவைக்கிறது. ஆண் குரலில் நொடிக்கு நூறு தடவைக்கு மேல், பெண் குரலில் ஏறக்குறைய 200 தடவை அவை ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. ஐந்தாறு பீரியட் பாடம் எடுக்கும் டீச்சருக்கு ஒரே நாளில் லட்சக்கணக்கான மோதல். கடப்பாரை பிடிக்கிற கையில் காய்ப்பு விழுவது மாதிரி, மோதல் அதிகம் படும் இடத்தில் இந்த நாண்களிலும் காய்ப்பு விழும். விருதுநகரில் ஒரு டீச்சர், "திங்கக்கிழமை நல்லாத்தான் இருக்கு மேடம். வியாழக்கிழமை ஆனா குரல் போயிடும், ஞாயித்துக்கிழமை திரும்ப வந்துடும்" என்றார். இந்தக் காய்ப்பின் கதையை இதைவிடத் தெளிவாக நான் புத்தகத்தில் எழுதவில்லை. இதற்குக் கத்தி தேவைப்படுவது அபூர்வம். குரல் பயிற்சியும், வகுப்பில் ஒரு சின்ன மைக்கும் பெரும்பாலும் போதும். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒலிபெருக்கி இப்போது ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பள்ளிக்கூடங்கள் சாக்பீஸ் வாங்குவதைப் போல இதையும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

தேனிக்கு வருகிறேன். அங்கே திறந்த மைதானத்தில் கூட்டம். ஆண்டிபட்டியிலேயே எனக்குச் சளி பிடித்துவிட்டது, மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. மேடைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஸ்பீக்கரில் அறிவிப்பு ஓடுகிறது, பின்னால் ஜெனரேட்டர். சத்தத்துக்கு நடுவில் பேசும்போது நம்மை அறியாமலே நம் குரல் உயரும். எத்தியென் லம்பார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1911-ல் இதைப் பற்றி எழுதினார். அவரும் காது மூக்குத் தொண்டை மருத்துவர்தான். அவர் பெயரிலேயே இன்றும் இதைச் சொல்கிறோம். இதையெல்லாம் புத்தகத்தில் எழுதியவள், அன்றைக்கு ஒரு மணி நேரம் அந்த இரைச்சலை மிஞ்சிப் பேசினேன். கூட்டம் முடிய இரவு பத்து. அன்போடு புரோட்டா வாங்கி வைத்திருந்தார்கள். பதினொன்றரைக்குச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தேன். காலையில் வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது.

இந்தப் புரோட்டா விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மதுரைக்காரர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு என்பது பதினொரு மணிக்கும் உண்டு, பெருமையாகத்தான் சொல்கிறோம். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் சிலருக்கு மேலேறி வந்து குரல்வளையில் படும். நெஞ்செரிச்சல்கூடத் தெரியாது. காலையில் எழுந்ததும் குரல் கரகரக்கும், தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், செருமிக்கொண்டே இருக்கத் தோன்றும். அந்தச் செருமல் நாண்களை இன்னும் பலமாக மோதவைக்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விடுங்கள். செருமத் தோன்றினால் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். எச்சிலை விழுங்கினால்கூடப் போதும்.

அன்று காலையே சக மருத்துவர் ஒருவர் என் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். இரண்டு நாணும் சிவந்து வீங்கியிருந்தன. வைரஸ் சளியும் மேலே போட்ட கத்தலும் சேர்ந்த வேலை. இதற்கு ஆன்டிபயாடிக் உதவாது. ஐந்து நாள் பேசாதே என்றார். நான் போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "அதுவும் கூடாது" என்றார். அழுத்திக் கிசுகிசுப்பதும் நாண்களுக்குச் சிரமம்தான்.

போடியில் நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டார்கள். வர முடியாது என்று செய்தி அனுப்பினேன். ஏற்பாடு செய்தவர், "வந்து சும்மா உட்கார்ந்துட்டுப் போங்க மேடம்" என்றார். சரி என்று போனேன். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் புத்தகத்திலிருந்து ஒரு அத்தியாயத்தை எழுந்து நின்று வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அவ்வளவு அழகாக வாசித்தாள். கேள்விகள் வந்தன. நான் கரும்பலகையில் பதில் எழுத, அவள் அதைப் படித்துச் சொன்னாள். நான் பேசாமல் இருக்க இருக்க, கூட்டமும் குரலைத் தணித்துக்கொண்டது. கடைசியில் கேள்வி கேட்டவர்கள் பக்கத்து ஆளிடம் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார்கள், அறை முழுக்கக் கேட்டது. ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஒருவர் எழுந்து, "நாங்க எதுக்கும்மா இத்தனை நாளாக் கத்திக்கிட்டு இருந்தோம்?" என்று கேட்டார். நான் போன 10 ஊரில் குரல் ஓய்வு என்றால் என்ன என்று மக்களுக்குப் புரிந்த இடம் போடிதான் என்று இன்றும் நினைக்கிறேன். கம்பத்தை ரத்து செய்துவிட்டு மதுரைக்குத் திரும்பினேன்.

எல்லா ஊரிலும் என்னிடம் கேட்ட கேள்வி கைவைத்தியம் பற்றியது. சித்தரத்தை, அதிமதுரம், மிளகோடு பனங்கற்கண்டு, சுக்குமல்லிக் காபி. எனக்கும் இவை பிடிக்கும், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் விழுங்குவது உணவுக்குழலுக்குப் போகிறது. குரல் நாண் இருப்பது மூச்சுக்குழலின் வாசலில். விழுங்கும் நேரத்தில் அந்த வாசல் இறுக மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் புரையேறிவிடும். அதனால் கஷாயமோ மிட்டாயோ நேராகப் போய் நாண்களைத் தொடுவதில்லை. ஜிகர்தண்டா குடித்ததால் காய்ப்பு விழுவதும் இல்லை. வெளியிலிருந்து நேராக அங்கே போய்ச் சேருவது நாம் இழுக்கும் காற்று மட்டும்தான். ஆவி பிடித்தால் அந்த ஈரம் போகும், வெறும் வெந்நீர் ஆவியே போதும். பீடிப் புகையும் அதே வழியில்தான் போகிறது.

வத்தலக்குண்டில் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் கட்டும் ஒருவர் வந்தார். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை பாடிப் பேசி ஆடுகிற தொழில். ஐம்பதைத் தாண்டியும் குரல் கணீரென்று இருந்தது. நாடகம் இருக்கும் நாளில் பகல் முழுக்கப் பேச மாட்டாராம், மேடைக்குப் போகுமுன் வாயை மூடி 'ம்ம்ம்' என்று கால் மணி நேரம் முனகுவாராம். "எங்க வாத்தியார் சொன்னதும்மா" என்றார். குரல் பயிற்சியாளர்கள் இன்று சொல்லித்தருவதும் இதே முனகலைத்தான்.

இனி உசிலம்பட்டி. வரிசைப்படி அது இரண்டாவது ஊர், ஆனால் இதைக் கடைசியில் சொல்லத்தான் இதுவரை எழுதினேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு பெரியவர் பேத்தியோடு நின்றிருந்தார். புத்தகம் பேத்தியின் கையில். "கமிஷன் மண்டியில ஏலம் கூறுறேன் தாயி. ஏழு மாசமாத் தொண்டை கட்டிக் கெடக்கு" என்றார். தகரத்தில் மண்ணைத் தேய்க்கிற மாதிரி குரல். மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், மூன்று தடவை ஆன்டிபயாடிக், இரண்டு ஊசி, மந்திரித்துக் கயிறும் கட்டியிருக்கிறார். இந்த ஏழு மாதத்தில் ஒருவர்கூடக் குரல் நாணை எட்டிப் பார்க்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்திருக்கிறார்கள், ஆனால் டார்ச் வெளிச்சத்துக்குக் குரல் நாண் தெரியாது, அது அதற்கும் கீழே இருக்கிறது. பீடி உண்டா என்று கேட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல். "ஆனா வலி இல்லையே தாயி, சளிதான?" என்றார்.

வலி இல்லை என்பதுதான் ஏமாற்றுகிறது. குரல் நாணில் வரும் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காது. கம்மிய குரல் ஒன்றுதான் அது காட்டும் அடையாளம். ஒரு விதத்தில் அது நல்ல காலம். கடுகளவு மாற்றம் வந்தாலே குரல் காட்டிக்கொடுத்துவிடுகிறது, உடம்பில் வேறு பல இடங்களில் அந்த வசதி இல்லை. அந்த நிலையிலேயே பிடித்துவிட்டால் கதிர்வீச்சோ லேசர் சிகிச்சையோ பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் குணப்படுத்துகிறது. தள்ளிப்போட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம்.

அதனால்தான் மூன்று வாரத்துக்கு மேல் பொறுக்காதீர்கள் என்கிறேன். சளியால் கட்டிய தொண்டை இரண்டு வாரத்தில் தெளிந்துவிட வேண்டும். மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மியிருந்தால், பீடி சிகரெட் பழக்கம் இருக்கிறதோ இல்லையோ, குரல் நாணைப் பார்த்தே ஆக வேண்டும். மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற சத்தம், எச்சிலில் ரத்தம், விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் மூன்று வாரமெல்லாம் பொறுக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். கத்திக்கொண்டிருக்கும்போது பட்டென்று குரல் போனாலும் அப்படித்தான், நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். பார்த்துச் சொல்லும்வரை ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. பார்க்கும் சோதனைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தடவி, மெல்லிய வளையும் குழாயை உள்ளே விட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பார்க்கலாம், மதுரையில் ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கும்போது 'தொண்டை வலி' என்று சொல்லாதீர்கள், 'குரல் இத்தனை வாரமாகக் கம்மியிருக்கிறது' என்று நாள் கணக்கோடு சொல்லுங்கள்.

பெரியவரிடம் திங்கட்கிழமை வரச் சொன்னேன். வெள்ளாமை முடியட்டும் என்றார். மகளின் நம்பரை வாங்கி நானே பேசினேன். என் குரல் போய் நான் மதுரையில் முடங்கிக் கிடந்த நாளில், நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் அவர் வந்து சேர்ந்தார். அவருக்கும் குரல் இல்லை, எனக்கும் இல்லை. நான் எழுதிக் காட்ட, நர்ஸ் வாசித்துச் சொன்னார். திரையில் வலது நாணில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. சதை எடுத்துப் பார்த்ததில் ஆரம்பநிலைப் புற்றுநோய்.

வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம் கதிர்வீச்சு. தினமும் மகளோடு பஸ்ஸில் வந்து போனார். மூன்றாவது வாரத்திலிருந்து குரல் முன்பைவிட மோசமானது, எச்சில் விழுங்குவதே பாடாக இருந்தது. இது வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நடுவில் நிறுத்தவில்லை. பீடியை விட்டுவிட்டார், அதற்கு மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. முடிந்து மூன்று மாதம் கழித்துச் செக்கப்புக்கு வந்தபோது, உள்ளே நுழைந்ததும் "வணக்கம் தாயி" என்றார். கரகரப்பு கொஞ்சம் இருந்தது, ஆனால் அது குரல்தான். மண்டியில் இப்போது மைக் வைத்துத்தான் ஏலம் கூறுகிறாராம், முதலாளியே வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

கூட வந்திருந்த பேத்தி பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அன்றைக்கு உசிலம்பட்டியில் தாத்தாவின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்ததில் கையெழுத்துப் போடவே மறந்திருக்கிறேன். பேரைக் கேட்டேன். அவள் சொல்வதற்குள் அவர் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த செக்கப்புக்கு ஆடி மாதம் வரச் சொல்லி அனுப்பினேன்.